பீரியட்ஸ் வருவதற்கு முன் என் தங்கை வேறு ஆளாகிவிடுகிறாள். இது ஹார்மோனா, குணமா?

மழைத்துளி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கைக்கு 19 வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. இயல்பில் கலகலப்பானவள். வீட்டில் யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து சமாதானம் செய்கிறவள். ஆனால் பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் அவளைப் பார்த்தால் வேறு யாரோ மாதிரி இருக்கும். கதவைச் சாத்திக்கொள்வாள். "ஏன் இன்னும் தூங்கலை?" என்று கேட்டாலே கண் கலங்கும். நெருங்கிய தோழியின் செய்திக்குப் பதில் போட மாட்டாள், ஏன் என்றால் "அவளுக்கு என்னைப் பிடிக்கலை" என்பாள். ரத்தப்போக்கு தொடங்கி ஓரிரு நாளில் எல்லாம் வடிந்துவிடும். அதே தோழியோடு போனில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள்.

அம்மா "அவ குணமே மாறிப்போச்சு" என்கிறார். தம்பியோ, அவள் எதை எதிர்த்துப் பேசினாலும், அது மாதத்தின் எந்த நாளாக இருந்தாலும், "என்ன, பீரியட்ஸா?" என்கிறான். போன வாரம் அவளே என்னிடம் கேட்டாள்: "அக்கா, அழுதுகிட்டு எல்லாரையும் வெறுக்கறவ நிஜமான நானா, இல்ல மத்த நாள்ல இருக்கறவளா?"

இந்தக் கேள்விக்கு ஒப்புக்குச் சமாதானம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மாதவிடாய் ஒருவருடைய குணத்தையே மாற்றுமா? எதுவரை சாதாரணம், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கூழாங்கல்

என் மகள் விஷயத்தில் வரிக்கு வரி இதே கதைதான். பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.


கருவிழி

மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்து வேலை பார்க்கிறேன். தங்கையைப் பார்க்காமல் இன்னதென்று சொல்ல முடியாது. ஆனால் உடலுக்குள் நடப்பதைச் சொல்கிறேன், அது தெரிந்தாலே பாதி பயம் போகும்.

ரத்தப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாகக் கணக்கிடுவோம். முதல் பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மெல்ல ஏறும். சினைமுட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். கரு உண்டாகாவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் இரண்டுமே சரியும், அதைத் தொடர்ந்து பீரியட்ஸ் வரும். மனநிலை மாற்றம் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் இந்தப் பின்பாதியில்தான் வருகிறது, அதிலும் கடைசி வாரத்தில். அதனால்தான் "பீரியட்ஸ் மூட்" என்று நாம் சொல்வது உண்மையில் பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களின் மூட்.

புரொஜெஸ்டிரோன் உடலில் சிதையும்போது அலோபிரெக்னனோலோன் என்று ஒரு பொருள் உண்டாகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் ஏற்பிகளில் அது வேலை செய்கிறது. சில தூக்க மாத்திரைகளும் இதே ஏற்பிகளில்தான் வேலை செய்கின்றன. எனவே அது மனதைச் சாந்தப்படுத்த வேண்டும், பலருக்கு அப்படித்தான். ஆனால் சில பெண்களுக்கு அதே பொருள் தலைகீழாக வேலை செய்து எரிச்சலையும் பதற்றத்தையும் கிளப்புகிறது. இது போக, ஈஸ்ட்ரோஜனின் ஏற்ற இறக்கம் மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் தொடுகிறது.

இதில் முக்கியமான ஆய்வு ஒன்று 1998-இல் வந்தது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பீட்டர் ஷ்மிட், டேவிட் ரூபினோ குழுவினர் செய்தது. பி.எம்.எஸ். (பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் வரும் உடல், மனத் தொந்தரவுகள்) கடுமையாக இருந்த பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். அதில் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. அப்படிக் குறைந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரொஜெஸ்டிரோனையோ திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகளும் திரும்பி வந்தன. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கும் இதையே செய்து பார்த்தார்கள். அவர்கள் மனநிலையில் ஒரு மாற்றமும் இல்லை.

அதாவது ஹார்மோன் அளவு இருவருக்கும் ஒன்றுதான், அதற்கு மூளை பதில் சொல்லும் விதம்தான் வேறு. 2017-இல் அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள், கடுமையான பாதிப்பு உள்ள பெண்களின் செல்களில் ஈஸ்ட்ரோஜனுக்கும் புரொஜெஸ்டிரோனுக்கும் எதிர்வினை காட்டும் ஒரு மரபணுத் தொகுதி வேறு மாதிரி இயங்குவதையும் காட்டினார்கள். "உன் மனசுதான் பலவீனம்" என்று சொல்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.


நெடுவழி

அக்கா, ஒரு சந்தேகம். அப்படியென்றால் ஹார்மோன் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா? என் தோழி எங்கெங்கோ டெஸ்ட் எடுத்து, "எல்லாம் நார்மல்" என்று வந்ததும் இன்னும் உடைந்துபோனாள்.


கருவிழி

தெரியாது. அளவு சாதாரணமாகத்தான் இருக்கும் என்பதே மேலே சொன்ன ஆய்வின் பொருள். "நார்மல்" என்று வந்தால் உங்கள் தோழி கற்பனை செய்கிறார் என்று அர்த்தம் இல்லை. ரத்தப் பரிசோதனையால் வேறு பயன் உண்டு: தைராய்டு, ரத்தசோகை, இரும்புச்சத்து இவற்றைப் பார்க்கலாம். இந்தக் குறைகளும் சோர்வாகவும் எரிச்சலாகவும் வேஷம் போட்டு வரும்.


சொல்லுளி

நான் உளவியல் படிக்கிறவள். கருவிழி சொன்ன உடலியலை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையின் தலைப்பே எனக்கு உறுத்துகிறது. ஒரு பெண் கோபப்பட்டால் உடனே காலண்டரைப் பார்க்கும் பழக்கத்துக்கு ஆய்வுகள் அவ்வளவாகத் துணை நிற்கவில்லை என்பதையும் இங்கே யாராவது சொல்ல வேண்டும்.

2012-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. பழைய நினைவை வைத்துக் கேட்காமல், அன்றன்றைக்கே மனநிலையைப் பதிவு செய்த 47 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மட்டும் மனநிலை தாழ்கிறது என்ற வழக்கமான சித்திரத்துக்குப் பொருந்தியவை அவற்றில் 7 மட்டுமே. 18 ஆய்வுகளில் சுழற்சிக்கும் மனநிலைக்கும் தொடர்பே தென்படவில்லை.

இன்னும் பழைய ஆய்வு ஒன்று, 1977-இல் டயான் ரூபிள் செய்தது. கல்லூரி மாணவிகளிடம், "உங்களுக்கு எப்போது பீரியட்ஸ் வரும் என்பதை ஒரு புதிய கருவியால் கணிக்க முடியும்" என்று சொல்லி, சிலரிடம் "இன்னும் ஓரிரு நாளில் வந்துவிடும்" என்றும், சிலரிடம் "இன்னும் நாளாகும்" என்றும் சொன்னார்கள். உண்மையில் எல்லோருமே சுழற்சியின் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில்தான் இருந்தார்கள். ஆனாலும் "வந்துவிடும்" என்று கேட்ட மாணவிகள் உடல் உப்பசம் போன்ற தொந்தரவுகள் தங்களுக்குக் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார்கள். எதிர்பார்ப்புக்கு அவ்வளவு பலம்.

1988-இல் இளம் பெண்களையும் ஆண்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்றில், மனநிலையை மாதச் சுழற்சியை விட வாரத்தின் கிழமைகள்தான் அதிகம் அசைத்தன. திங்கட்கிழமை எரிந்து விழும் ஆணை யாரும் "என்ன, திங்கட்கிழமையா?" என்று வாயடைப்பதில்லையே.

இதில் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 19 வயதில் ஒரு பெண்ணிடம் "மாதத்தில் ஒரு வாரம் நீ நம்பத்தக்கவள் இல்லை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால், அவள் தன் தீர்ப்பையே சந்தேகிக்கத் தொடங்கிவிடுவாள். மழைத்துளியின் தங்கை கேட்ட கேள்வியில் அது ஏற்கனவே தெரிகிறது.


இரவுப்பூ

சொல்லுளி, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் படிக்கும்போது கை நடுங்கியது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு பி.எம்.டி.டி. இருக்கிறது, பி.எம்.எஸ்.ஸின் மிகக் கடுமையான வடிவம். பதினாறு வயதில் தொடங்கியது, பெயர் தெரிந்தது இருபத்து மூன்றில். அதற்கு நடுவில் பார்த்த ஒரு மருத்துவர் "எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்" என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் "அதிகம் யோசிக்காதே" என்றார். அந்த நாட்களில் எனக்கு வருவது எரிச்சல் மட்டும் இல்லை. காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சில் ஒரு கனம், நான் இருப்பதே எல்லோருக்கும் பாரம் என்ற உறுதி. அது ஒரு எண்ணம் என்றே அப்போது தோன்றாது, கண்ணுக்குத் தெரியும் உண்மை போல நிற்கும். இரண்டு முறை வேலையை ராஜினாமா செய்யக் கடிதம் எழுதினேன். நேசித்த மனிதரிடம் "போய்விடு" என்று சொன்னேன். பீரியட்ஸ் வந்து ஒன்றிரண்டு நாளில் மூடுபனி விலகிவிடும். மிச்சம் இருப்பது நான் உடைத்துப் போட்ட உறவுகள். அவற்றை ஒட்டவைத்து முடிப்பதற்குள் அடுத்த மாதம் வந்துவிடும்.

47 ஆய்வுகளின் சராசரியில் நான் இல்லை என்பதற்காக நான் இல்லாமல் போய்விடுவேனா?

பி.எம்.டி.டி. என்பது யாரோ இணையத்தில் கட்டிவிட்ட பெயர் இல்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்.-5 கையேடு அதைத் தனி நோயாக ஏற்றது. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில், 2022-இல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில் இருக்கிறது. எனக்கு மனநல மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரை கொடுத்தார், சுழற்சியின் பின்பாதியில் மட்டும். மற்றபடி மனச்சோர்வுக்கு இந்த மாத்திரைகள் வேலை செய்யப் பல வாரம் ஆகும் என்பார்கள், பி.எம்.டி.டி.க்குச் சில நாட்களிலேயே கேட்கத் தொடங்கும் என்று அவர் சொன்னார். எனக்கு அப்படியேதான் நடந்தது. முழுக்கப் போகவில்லை. ஆனால் கடிதம் எழுதுவது நின்றது.


சொல்லுளி

இரவுப்பூ, நீங்கள் எழுதியதை மெதுவாக இரண்டு முறை படித்தேன். உங்கள் அனுபவத்துக்கு எதிராக அந்த எண்களை நான் வைக்கவில்லை, அவற்றால் வைக்கவும் முடியாது. நூறு பேரில் சில பேருக்கு மட்டும் கடுமையாக வரும் ஒன்று, நூறு பேரின் சராசரியில் கரைந்துபோகும். எண்கள் சொல்வது "எல்லாப் பெண்களும் இப்படித்தான்" என்ற பொதுப்பேச்சு பொய் என்பதை மட்டுமே. பாருங்கள், உங்களை மருத்துவர் திருப்பி அனுப்பியதும் அதே பொதுப்பேச்சை வைத்துத்தானே? எல்லோருக்கும் இருப்பது என்று சொன்னதால்தான் உங்களுக்கு இருந்தது வேறு என்று யாருக்கும் தெரியவில்லை.


இரவுப்பூ

ஆமாம். அந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. நன்றி.


தாழ்வாரம்

வரலாற்றில் ஒரு விஷயம். 1931-இல் ராபர்ட் ஃபிராங்க் என்ற மருத்துவர் மாதவிடாய்க்கு முந்தைய "இறுக்கம்" பற்றி எழுதினார். 1953-இல் பிரிட்டனில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் அதற்கு பி.எம்.எஸ். என்று பெயர் வைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அங்கே கொலை வழக்குகளில் பி.எம்.எஸ்.ஸைக் காரணம் காட்டிப் பொறுப்புக் குறைவு என்று வாதாடி, நீதிமன்றமும் அதை ஏற்று, குற்றத்தின் தரமும் குறைக்கப்பட்டது. பெண்ணுரிமை பேசியவர்களே இதில் இரண்டாகப் பிரிந்தார்கள். பெண்களின் துன்பத்துக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது என்றது ஒரு தரப்பு. இனி எந்தப் பெண்ணையும் "அந்த நாட்களில் நம்பாதே" என்று சொல்ல இது ஆயுதமாகும் என்றது மறு தரப்பு. இந்த இழையில் நடக்கும் வாதத்துக்கு வயது நாற்பதுக்கு மேல்.


நெடுவழி

நான் ஆண், 24 வயது. நேராகவே கேட்கிறேன். என்னோடு வாழப்போகிறவளுக்கு அந்த நாட்களில் கோபம் கூடுதலாக வருகிறது, அவளே அதைச் சொல்லியிருக்கிறாள். "பீரியட்ஸா?" என்று கேட்டால் காயம். கேட்காமல் விட்டால் அந்தக் கோபத்தை எப்படி எடுத்துக்கொள்வது? உண்மை என்றா, ஹார்மோன் என்றா?


மேகலை_எழுத்து

நெடுவழி, இந்தக் கேள்விக்காகவே உள்ளே வந்தேன்.

கோபம் எந்தத் தேதியில் வந்தது என்பது வேறு, எதற்காக வந்தது என்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் வீடுகளில் பாதிச் சண்டை நடக்கிறது. ஒரு பெண் எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுச் செய்கிறாள், மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள், நான்காவது வாரம் வெடிக்கிறாள் என்று வையுங்கள். ஹார்மோன் அவளுடைய பொறுமையைக் குறைத்திருக்கலாம். ஆனால் கழுவாத பாத்திரங்களை ஹார்மோன் கொண்டுவந்து வைக்கவில்லை. அவளுடைய புகாரில் நியாயம் இருக்கிறதா என்று பார்க்காமல் தேதியை மட்டும் பார்த்தால், அடுத்த மாதமும் அதே பாத்திரம், அதே வெடிப்பு.

எனவே கேட்க வேண்டிய கேள்வி "என்ன ஆச்சு, சொல்லு" என்பதுதான். சொன்னதைக் கேளுங்கள். குரல் உயர்ந்தால், "நீ சொல்றதை விட்டுடப் போறதில்ல, நாளைக்கு உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் பேசுங்கள். இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பல பேர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், பீரியட்ஸ் பற்றிப் பேசவே கூடாது என்பது இல்லை. சண்டைக்கு நடுவில் பேசக் கூடாது. நன்றாக இருக்கும் ஒரு நாளில் "அந்த நாட்களில் நான் என்ன செய்தால் உனக்கு எளிதாக இருக்கும்?" என்று கேட்டால் எந்தப் பெண்ணும் கோபப்பட மாட்டாள் என்றே நினைக்கிறேன். சிலருக்குத் தனிமை வேண்டும், சிலருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அவளே சொல்லட்டும்.


கருவிழி

மேகலை சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன், ஒரு எல்லையோடு. புகார் நியாயமானதாக இருக்கும் என்பது பொறுமை குறைகிற பெண்களுக்குப் பொருந்தும். இரவுப்பூவுக்கு வந்தது மாதிரியான எண்ணங்கள் வேறு வகை. "நான் பாரம்", "யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை" என்பவற்றுக்குப் பின்னால் நியாயமான புகாரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. நான் நோயாளிகளிடம் சொல்வது இதுதான்: அந்த வாரம் தோன்றியதை எழுதி வையுங்கள், பீரியட்ஸ் முடிந்த பிறகு எடுத்துப் படியுங்கள். அப்போதும் சரி என்று பட்டால் அது வாழ்க்கையில் சரிசெய்ய வேண்டிய விஷயம். அப்போது அந்நியமாகத் தெரிந்தால் அது அறிகுறி. வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய முடிவுகளை மட்டும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிக்கும் வரை தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. சாகத் தோன்றுகிறது என்ற எண்ணம் வந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம். பீரியட்ஸ் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த நேரத்திலேயே நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவசரப் பிரிவுக்குப் போங்கள். பி.எம்.டி.டி. உள்ளவர்களிடம் இந்த எண்ணம் அபூர்வம் இல்லை. மாதாமாதம் போய்விடுகிறது என்பதால் ஆபத்து குறைவு என்று நினைக்க வேண்டாம்.


எழுதுபலகை

பள்ளியில் ஆசிரியை. இங்கே எல்லோரும் பதினெட்டுக்கு மேற்பட்டவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு 12, 13 வயதுப் பிள்ளைகள்தான் தினமும் கண்ணில் படுகிறார்கள்.

இந்த வயதில் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குப் பல சுழற்சிகளில் சினைமுட்டை வெளிவருவதே இல்லை. ஆகவே புரொஜெஸ்டிரோனின் ஏற்ற இறக்கமும் பெரிதாக இருக்காது. நாட்களும் முன்பின்னாக வரும், 21 நாளிலிருந்து 45 நாள் வரை இந்த வயதில் இயல்பு என்கிறார்கள். அப்படியிருந்தும் அந்த நாட்களில் பிள்ளைகள் முகம் வாடி, ஓரமாக உட்கார்ந்து, பேச்சைக் குறைத்துவிடுகிறார்கள். ஏன்? வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் உடையில் கறை பட்டிருக்குமோ என்ற பயம். கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூச்சம். வயிற்று வலி. இரவில் படுக்கை நனைந்துவிடுமோ என்று பாதித் தூக்கம். வகுப்புத் தோழிகளில் முதலில் வயதுக்கு வந்தவள் என்றால் கூடுதல் சங்கடம். மற்றவர்களை விட ரொம்ப முன்னதாகவே மாதவிடாய் தொடங்கும் பெண்களுக்குப் பதின்பருவத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

இதில் எத்தனை ஹார்மோன், எத்தனை நாம் அவளைச் சுற்றி உண்டாக்கி வைத்திருக்கும் சூழல்? என் வகுப்பில் கைதூக்காமல், யாரிடமும் கேட்காமல் வெளியே போய் வரலாம் என்று பெண்கள், ஆண்கள் எல்லோருக்குமே அனுமதி கொடுத்தேன். பாடம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. "மூடி டைப்" என்று மற்ற ஆசிரியர்கள் சொன்ன ஒரு பிள்ளை அதற்குப் பிறகு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள்.


கூழாங்கல்

டீச்சர், இதைப் படித்ததும் என் மகளிடம் வலியைப் பற்றிக் கேட்டேன். "மாசாமாசம் சுருண்டு படுக்கற அளவுக்கு வலிக்கும், சொன்னா என்ன ஆகப்போகுதுன்னு சொல்லலை" என்கிறாள். வலி இவ்வளவு மனதைப் பாதிக்குமா?


கருவிழி

நிச்சயமாக. கருப்பை சுருங்குவதற்காகப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது, முதல் இரண்டு நாள் அது உச்சத்தில் இருக்கும். வலியோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைவலி வருவதும் அதனால்தான். வலியில் தூக்கம் போகும், தூக்கம் போனால் மறுநாள் யாருக்குமே முகம் சிரிக்காது. இபுபுரூஃபன், மெஃபனாமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கின்றன, அதனால் வலி முற்றிய பிறகு போடுவதை விட ஆரம்பத்திலேயே போட்டால் நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் கேட்காமல் போடக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காத வலி, பள்ளி கல்லூரிக்கு லீவு போட வைக்கும் வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய் அது, கண்டுபிடிக்கப் பல வருடம் ஆகிறது. அதற்குப் பெரிய காரணம் "சொன்னா என்ன ஆகப்போகுது" என்ற அந்த வாக்கியம்தான். மகளை அழைத்துப் போங்கள், தாமதிக்க வேண்டாம்.


பச்சைக்கிளை

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதின்பருவம் முழுக்க என்னைச் "சோம்பேறி", "எதிலும் ஒட்டாதவள்" என்றே சொன்னார்கள், நானும் அதுதான் என் சுபாவம் என்று நம்பினேன். ரத்தப்போக்கு ஒரு வாரத்துக்கு மேல் போகும், நாப்கினை ஒன்றிரண்டு மணிக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். அது அதிகம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வேறு எதற்கோ ரத்தம் எடுத்தபோதுதான் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருப்பது தெரிந்தது. இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் இன்னும் இறங்காத நிலையிலேயே இரும்பின் கையிருப்பு காலியாகி, சோர்வும் கவனக்குறைவும் வரலாம். சிகிச்சைக்குப் பிறகு புத்தகம் படிக்கப் பிடித்தது, நடக்கப் பிடித்தது. இது குணமே இல்லை, குறை. இருபது வயதுக்குள் ஒரு பெண்ணுக்குச் சூட்டிய பட்டங்களில் எத்தனை இப்படிப்பட்டவை என்று நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.


சொல்லுளி

மழைத்துளியின் மூலக்கேள்விக்கு வருகிறேன், தங்கையிடம் இதைக் காட்டலாம்.

உளவியலில் மனநிலை வேறு, ஆளுமை வேறு. மனநிலை மணிக்கணக்கில், நாள்கணக்கில் மாறும். ஆளுமை என்பது ஒருவர் வருடக்கணக்கில், பல சூழல்களில் எப்படி நடந்துகொள்கிறார் என்பதன் வடிவம். அது நான்கு வாரத்துக்கு ஒரு முறை கலைந்து மறுபடி அடுக்கப்படுவதில்லை. சமாதானம் செய்கிறவள், தோழிகளை நேசிக்கிறவள் என்பது அந்த வாரத்தில் அழிந்துபோகவில்லை, அதனால்தானே தோழிக்குத் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அவள் அவ்வளவு வேதனைப்படுகிறாள்.

புத்தியும் மங்குவதில்லை. 2025-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது கவனம், அறிவுத்திறன், மொழித்திறன் எதிலும் சுழற்சியின் கட்டத்துக்கு ஏற்ப உறுதியான மாற்றம் தெரியவில்லை. 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 142 ஆண் பெண்களின் உணர்வுகளை 75 நாள் தினமும் பதிவு செய்தார்கள். ஆண்களின் உணர்வுகளும் பெண்களின் உணர்வுகளுக்குச் சமமாகவே ஏறி இறங்கின.

"எது நிஜமான நான்?" என்று கேட்டால், இரண்டு நாட்களையும் வாழ்கிறவள் அவள்தான், அந்தக் கேள்வியைக் கேட்டவளும் அவள்தான் என்பது என் பதில். தன்னைத் தள்ளி நின்று பார்த்து இப்படி ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தவளின் ஆளுமை எங்கேயும் போய்விடவில்லை.


இரவுப்பூ

தங்கைக்கு என் பங்கு: அந்த நாட்களில் இருந்தது நான் இல்லை என்று சொல்லிக்கொள்வது எனக்கு உதவவில்லை. அப்படிச் சொன்னால் என்னால் காயப்பட்டவரிடம் போய்ப் பேச முடியாது. "அந்த நாள் எனக்கு ரொம்பக் கடினமா இருந்தது, ஆனா நான் சொன்ன வார்த்தை உன்னைக் காயப்படுத்தியிருக்கும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழகினேன். உறவுகள் தங்கியது அதனால்தான்.


மழைத்துளி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கருவிழி அக்கா, எழுதி வைக்கச் சொன்னீர்களே, எதை எழுதுவது? ஆப் போதுமா? வைட்டமின், கருத்தடை மாத்திரை என்றெல்லாம் தோழிகள் அவளிடம் சொல்கிறார்களாம், அதைப் பற்றியும் சொல்லுங்கள்.


கருவிழி

நோட்டுப் புத்தகமே போதும், ஆப் என்றாலும் சரி. தினமும் இரவு, நல்ல நாளிலும், இரண்டு நிமிடம். எரிச்சல், சோகம், பதற்றம், தூக்கம், உடல்வலி இவை ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஆறு வரை ஒரு எண், ரத்தப்போக்கு உண்டா என்று ஒரு குறி, அன்றைக்கு நடந்த முக்கியமான விஷயம் ஒரு வரி. குறைந்தது இரண்டு சுழற்சிக்காவது எழுத வேண்டும், பி.எம்.டி.டி.யை உறுதிசெய்ய மருத்துவரே இதைத்தான் கேட்பார். நினைவை வைத்துச் சொல்வதில் பிழை வரும் என்பதை மேலே சொல்லுளி விளக்கிவிட்டார்.

எழுதி முடித்தால் மூன்றில் ஒன்று தெரியும். கடைசி வாரத்தில் மட்டும் எண் ஏறி, பீரியட்ஸுக்குப் பிறகு தெளிவாக இறங்கினால் பி.எம்.எஸ். அல்லது பி.எம்.டி.டி. மாதம் முழுக்கவே மனம் தாழ்ந்திருந்து அந்த வாரம் இன்னும் மோசமானால், ஏற்கனவே இருக்கும் மனச்சோர்வோ பதற்ற நோயோ அப்போது தீவிரமாகிறது, அதற்குச் சிகிச்சையும் வேறு. தேதிக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லாவிட்டால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த மூன்றாவது எவ்வளவு அடிக்கடி வருகிறது தெரியுமா? பீரியட்ஸ் என்று எல்லோரும் முடிவுகட்டியிருப்பார்கள், நோட்டைப் பார்த்தால் வகுப்பில் யாரோ செய்யும் தொல்லை வெளியே வரும்.

சுண்ணாம்புச்சத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. 1998-இல் வந்த ஒரு ஆய்வில் தினமும் 1200 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு அறிகுறிகள் 48 சதவீதம் குறைந்தன. ஆனால் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது, அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பி6 வைட்டமினை அளவில்லாமல் போட்டால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும். உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம், எண்ணங்களைக் கையாளக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை இவை பலருக்கு உதவுகின்றன. கருத்தடை மாத்திரைகளில் டிராஸ்பைரினோன் உள்ள ஒரு வகைக்கு 2006-இல் அமெரிக்காவில் பி.எம்.டி.டி.க்காகவே அனுமதி கிடைத்தது. ஆனால் சிலருக்குக் கருத்தடை மாத்திரையாலேயே மனம் தாழும், ரத்தம் உறையும் அபாயமும் கொஞ்சம் உண்டு. தோழி சொன்னாள் என்று தொடங்கக் கூடாது.


மழைத்துளி

இழையை முழுக்க அவளே படித்துவிட்டாள். இரவுப்பூ எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினாள், அவன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அந்தக் கேள்வியை அன்றிலிருந்து கேட்கவும் இல்லை. அம்மா இன்னும் "எங்க காலத்துல இதெல்லாம் ஏது" என்றுதான் சொல்கிறார், அவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். தங்கை கடைசியாக ஒன்று கேட்கச் சொன்னாள்: அடுத்த மாதம் தேர்வு, பதற்றம் எப்படியும் இருக்கும். தேர்வு முடிந்த பிறகு எழுதத் தொடங்கலாமா?


கருவிழி

இன்றைக்கே தொடங்கச் சொல்லுங்கள். தேர்வு நாட்களுக்குப் பக்கத்தில் "தேர்வு" என்று குறித்தால் போதும், அந்த நாட்களை வைத்து முடிவு எடுக்க மாட்டோம், அடுத்த சுழற்சியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மருத்துவரிடம் போகும்போது நோட்டை அவளே கையில் எடுத்துப் போகட்டும், நீங்கள் கூட இருங்கள், பேச்சு அவளுடையதாக இருக்கட்டும்.